கல்லீரலுக்குப் பரவிய பிறகும்

(குன்னூரில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் பேசியது)



சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி புத்தகப் பையிலிருந்து ஸ்கேன் அறிக்கையை எடுத்து நீட்டினாள். "டீச்சர், அப்பாவுக்கு என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க." அப்பா தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுபவர். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஏற்கெனவே அறுவை செய்திருந்தார்கள். இப்போது கல்லீரலில் இரண்டு கட்டிகள்.

லயன் வீடுகளில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "ஈரலுக்குப் போயிடுச்சுன்னா இனி எதுக்கு வைத்தியம்?" அறிவியல் ஆசிரியையான நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் நினைத்தது தவறு. அந்த அறிக்கையோடு அவர்கள் கோவைக்குப் போனபோது உடன் சென்றேன். அறுவை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். குடலிலிருந்து வரும் இரத்தம் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அதனால் குடலிலிருந்து பிரியும் புற்றணுக்கள் பெரும்பாலும் அங்கேதான் தங்குகின்றன. சிலருக்கு வேறெங்கும் பரவாமல் அங்கே மட்டும் இருக்கும். அப்போது அந்தப் பகுதியை வெட்டி எடுக்கலாம். நல்ல ஈரலில் கால் பங்குக்குச் சற்று மேல் மிஞ்சினாலே போதும். அவ்வளவு மிஞ்சாது என்றால், கட்டியுள்ள பக்கத்துச் சிரையை அடைத்துவிட்டுச் சில வாரம் காத்திருப்பார்கள். மறுபக்கம் பெருத்துவிடும்.

"கவாத்து வெட்டினா செடி தழையுற மாதிரியா?" என்று கேட்டார் அவர். ஏறத்தாழ அப்படித்தான். ஆனால் வெட்டிய இடத்தில் துளிர்ப்பதில்லை, மிஞ்சிய பகுதிதான் பெரிதாகிறது. வகுப்பில் ஒரே வரியில் கடந்துபோகும் பாடம் இது!

எல்லோருக்கும் இது பொருந்தாது. குடல் புற்று ஈரலுக்குப் பரவியவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அறுவை வாய்க்கிறது. கணையம், இரைப்பையிலிருந்து பரவினால் பெரும்பாலும் வழியில்லை. அறுவை செய்துகொண்டவர்களில் பத்துக்கு நான்கு பேர் ஐந்தாண்டு தாண்டுகிறார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் திரும்பவும் வருகிறது.

ஆகவே, யாராவது இப்படி ஓர் அறிக்கையோடு வந்தால், "ஈரல் அறுவை மருத்துவர் பார்த்தாரா?" என்று கேளுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல், ஈரல் அறுவைக்குத் தனித்துறையே இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் உண்டு. மலத்தில் இரத்தம் போவதை மூலம் என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அதையும் பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும்.

அந்த அப்பாவுக்கு வலப்பக்க ஈரலை எடுத்துவிட்டார்கள். இப்போது தொழிற்சாலையில் இலகுவான வேலை பார்க்கிறார். அடுத்த ஸ்கேன் இந்த மாதம். துணைக்குப் போக அரை நாள் விடுப்புக் கேட்டிருக்கிறாள் மகள்.