இல்லறத்திலும் நியாயம் வேண்டும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



“கணவன் மனைவி விவகாரம் வீட்டுச் சங்கதி, அதைச் சங்கக் கூட்டத்தில் பேசுவானேன்?” என்று சிலர் கேட்கிறார்கள். பேசத்தான் வேண்டும். 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்தார்களே, எதற்காக? உழைத்த கூலி அடுப்பங்கரைக்கு வந்து சேர வேண்டும், பெண்டு பிள்ளைகள் நிம்மதியாக வாழ வேண்டும் என்பதற்காகத்தானே! குடும்ப நலம் தொழிலாளர் இயக்கத்துக்குப் புதிதல்ல.

செக்ரோல் எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பெயர் வருகிறது. விடியுமுன் இருவரும் பெரட்டில் நிற்கிறார்கள். இருவரும் மரம் வெட்டுகிறார்கள். இருவரும் பால் சுமக்கிறார்கள். பால் நிறுக்கும் தராசுக்கு ஆண்பால் பெண்பால் தெரியாது. ஆனால் வீடு திரும்பியதும் ஒருவர் திண்ணையில் சாய்கிறார். மற்றவருக்கு அடுப்பு, துணி, பிள்ளை என்று இரண்டாவது பெரட்டு தொடங்குகிறது. அந்த வேலைக்குப் பேர் போட எந்தச் செக்ரோலிலும் இடமில்லை. கூலியில்லாமல் வேலை வாங்கும் துரையை எதிர்த்துக் கொடி பிடிக்கிறோம். வீட்டில் நாமே துரையாகலாமா?

துணையின் நலம் என்பது தீபாவளிக்குச் சேலை எடுப்பதோடு முடிவதல்ல. சம்பளப் பணத்தை இருவரும் உட்கார்ந்து எண்ண வேண்டும். கடன் வாங்குமுன் கலந்து பேச வேண்டும். “உடம்புக்கு எப்படி இருக்கிறது?” என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

காதலித்து மணப்போரைச் சாதி சொல்லிப் பிரிக்காதீர்கள், பெற்றோர்களே! இளைஞர்களே, நீங்களும் தாலி கட்டியதோடு நின்றுவிடாதீர்கள். 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிவது அதன்படி கட்டாயம். பதிவுப் பத்திரம் இல்லாவிட்டால், கணவன் இறந்தாலும் பிரிந்தாலும் தான் மனைவி என்று நிரூபிக்கவே அந்தப் பெண் அலுவலகம் அலுவலகமாக அலைய நேரும்.

சம்சு உள்ளே போனால் கை வெளியே நீளுகிறது. அடிப்பது ஆண்மையல்ல, குற்றம். 1994-இல் இயற்றிய குடும்ப வன்முறைச் சட்டம் 1996 முதல் அமலில் இருக்கிறது. 2017-இல் செய்த திருத்தத்தால், சமூக நல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்கலாம். அடி வாங்குவது தலைவிதி என்று எந்தத் தாயும் எண்ண வேண்டாம். 15999 என்ற எண்ணை அழைக்கலாம். அக்கம்பக்கத்தாரும் கதவைச் சாத்திக்கொள்ளலாகாது.

வேலைச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் பேறுகால விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக்கியது. மணமான ஆண், அதே முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்திருந்தால், மனைவியின் பேறுகாலத்தில் 7 நாள் சம்பளத்தோடு விடுப்புப் பெறலாம். குறைந்தது 30 நாளுக்கு முன் நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள். ஆனால் அந்த 7 நாள் சீட்டாடுவதற்கல்ல. வெந்நீர் வைக்கவும் குழந்தையைத் தூக்கவுந்தான்.

தோழர்களே! சங்கம் நமக்குக் கற்றுத் தந்தது ஒரே பாடம்: உழைப்பவருக்கு மதிப்பு வேண்டும். அந்தப் பாடத்தை இன்று மாலையே வீட்டில் தொடங்குங்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நாளைய கணவனும் மனைவியும் அவர்களே.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!