மாமையும் பாதரசமும்

பெண் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களிடம் "பொண்ணு கலரா?" என்று கேட்காத வீடு குறைவு. "கருப்புதான், ஆனா களையா இருக்கா" என்று பதில் வரும். சொல்பவர் பாராட்டாக நினைத்தே சொல்கிறார். அந்த 'ஆனா' எப்படியோ பெண்ணின் காதுக்குப் போய்விடுகிறது. அடுத்த வாரம் அவள் மருந்துக்கடையில் நிற்கிறாள்.

தமிழருக்கு எப்போதும் இந்தக் கண் இருந்ததில்லை. சங்க இலக்கியத் தலைவியின் மேனியழகு மாமை, மாந்தளிரின் நிறம். தலைவன் பிரிந்தபின் அந்த மேனி வெளிறினால் அது பசலை, அதாவது நோய். இன்று அந்த வெளிறலுக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி இந்தியச் சந்தைக்கு வந்தது. 2005-ல் ஆண்களுக்கென்றே தனி க்ரீம் வந்தது. 2009-ல் சென்னையிலிருந்து 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கம் எதிர்க்குரல் எழுப்பியது. 2020-ல் பழைய ட்யூபின் பெயரில் 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. கல்யாணப் பேச்சு மட்டும் மாறவில்லை.

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்கும் செல்கள் கருத்தவருக்கும் சிவத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான்; சுரக்கும் மெலனினின் அளவும் வகையும்தான் வேறு. அதை முடிவுசெய்வது பெரும்பாலும் மரபணு. கர்ப்பிணிக்குப் பாலில் கரைத்துக் கொடுக்கும் குங்குமப்பூவுக்கு அதில் வேலையில்லை.

கவலை தருவது மருத்துவர் சீட்டில்லாமல் கைமாறும் ஸ்டீராய்டு க்ரீம்கள். தடவிய சில நாளில் முகம் பளிச்சென்று ஆகும். அக்கம்பக்கத்தாரும் கேட்டு வாங்குவார்கள். மாதங்கள் போனால் தோல் மெலிந்து கன்னத்தில் ரத்த நாளங்கள் செந்நூலாய்த் தெரியும். பருவும் மீசை முடியும் வரும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே தடவுவார்கள். 2018-ல் 14 ஸ்டீராய்டு மருந்துகளின் பூச்சுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென மத்திய அரசு விதித்தது. கடைகளில் அது முறையாக நடப்பதில்லை.

சில சிவப்பழகு க்ரீம்களில் கலந்திருக்கும் பாதரசம் இன்னும் கொடியது. மெலனின் உருவாகாமல் தடுக்கும்; கூடவே தோல் வழியே சிறுநீரகத்தையும் சேரும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை குறிப்பிட்ட ஒரு சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். கால் வீக்கமும் நுரைத்த சிறுநீருமாக வருகிறவரிடம் முகத்தில் என்ன பூசுகிறார் என்று கேட்க யாருக்குத் தோன்றும்?

நிறம் மாற்றும் ஆசை தோலோடு நிற்பதில்லை. நரைக்கு டை அடிப்பவர்களை யாரும் குறை சொல்வதில்லை, சொல்லவும் வேண்டாம். ஆனால் பெரும்பாலான கருப்பு டைகளில் பிபிடி என்ற வேதிப்பொருள் உண்டு. சிலருக்கு அது உச்சந்தலை அரிப்பு, கண்ணிமை வீக்கம் என்று தொல்லை தரும். காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி இரண்டு நாள் பார்த்தபின் அடிப்பது நல்லது.

சிவப்பழகு க்ரீமுக்குப் பழகிவிட்டவர்கள் கூச்சப்பட வேண்டாம். ஸ்டீராய்டு க்ரீமைத் தாமாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். கால் வீங்கினால் அன்றே சிறுநீரைப் பரிசோதியுங்கள்.