கணினிக்கு ஒரு கிளைமொழி

மன்னார்த் தீவின் பேசாலைக் கரையிலே, வாடைக்காற்று வீறுகொண்டெழும் மார்கழி விடியற்காலையில், முதிய கடற்றொழிலாளி ஒருவர் தம் மகனை நோக்கி, "காற்றுக் கடுமையானால் வள்ளத்தை இறக்காதே" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். மகனுக்கு ஐயம் எழுவதில்லை. நேயர்களே, இச்சிறு வாக்கியத்தில் நிபந்தனை முன்னும் கட்டளை பின்னும் நிற்பதைக் கவனியுங்கள். 'ஆனால்' என்பது நிபந்தனையின் இறுதியில் ஒட்டி வருகிறது. ஆங்கிலேயரோ தம்முடைய 'இஃப்' என்னும் சொல்லை நிபந்தனையின் தலைவாயிலிலேயே நிறுத்திவிடுவர்.

கணினிக்குக் கட்டளையிடும் நிரல்மொழிகளுட் பெரும்பாலானவை ஆங்கிலச் சொற்களையும் அம்மொழியின் சொல்லொழுங்கையும் தழுவியவை. ஒல்லாந்தரான கைடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட பைதன் அவற்றுள் ஒன்று. அப்பெயர் பாம்பைக் குறித்து வந்ததன்று. மொன்ரி பைதன் என்னும் பிரித்தானிய நகைச்சுவைக் குழுவினரை நினைந்து இட்டது. ஆகவே விளையாட்டு இத்துறைக்குப் புதியதன்று. ஆர்னோல்ட் சுவார்சனேகரின் திரைப்பட வசனங்களையே கட்டளைகளாக்கி 2013இல் ஒரு மொழி தோன்றியது. ரஜினிகாந்தின் வசனங்களால் ஆன மொழியும் பின்னர் வந்தது. அதில் நிரல் 'லக்ஷ்மி ஸ்டார்ட்' என்று தொடங்கி 'மகிழ்ச்சி' என்று முடியும்! சிரித்து மகிழலாம், ஆயினும் இவற்றில் உடை மாறுகிறதேயன்றி உடல் பெரிதும் மாறுவதில்லை.

முத்து அண்ணாமலை அவர்கள் 2007இல் தொடங்கி 2013இல் பொதுப் பயனுக்கு வெளியிட்ட 'எழில்' சற்று வேறானது. பைதனிலே எழுதப்பட்டு, பைதனின் தோளிலே ஏறி நிற்கும் மொழி அது. ஆனாலும் அடைப்புக்குறிக்குள் நிபந்தனையை முதலில் எழுதி, அதன் பின்னரே 'ஆனால்' என்று எழுத வேண்டும். மாற்றுவழிக்கு 'இல்லை', நிறைவுக்கு 'முடி'. பேசாலைத் தந்தையின் சொல்லை ஏறக்குறைய அவர் சொன்ன ஒழுங்கிலேயே கணினிக்கும் சொல்லிவிடலாம்.

குறை இல்லாமலில்லை. திரையில் எழுத்துக் காட்டும் 'பதிப்பி' என்னும் கட்டளை, பதிப்பிக்க வேண்டியதற்கு முன்னே வந்து நிற்கிறது. 'வணக்கம் என்று பதிப்பி' என்பதன்றோ தமிழ் வழக்கு? அன்றியும், 'ஆனால்' என்றவுடன் மறுத்துரைக்கும் பொருளையே இக்காலப் பிள்ளை முதலில் நினைக்கும்.

"தொழிலுக்கு ஆங்கிலந்தானே வேண்டும், இவ்விளையாட்டு எதற்கு?" என்பார் உளர். தொழிலுக்கு ஆங்கிலம் வேண்டும் என்பது மெய்யே. ஆனால் மன்னார்ப் பாடசாலையொன்றில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுதிய நிரல் ஓடவில்லையென்றால், பிழைத்தது சிந்தனையா, அந்நியச் சொல்லா என்று ஆசிரியர் எவ்வாறு அறிவார்? இரண்டும் ஒரே முடிச்சாய்க் கிடக்கின்றன. கெட்டிக்காரப் பிள்ளையும் தன்னை மந்தமென்று எண்ணி ஒதுங்கிவிடுவது இவ்விடத்திலேதான். எழிலில் எழுதும்போது சொல்லின் தடை பெரும்பாலும் நீங்குகிறது. எஞ்சிய பிழை சிந்தனையின் பிழை. அதனைத் திருத்துவது ஆசிரியருக்குக் கைவந்த வேலை.

அப்பிள்ளை ஒரு தவணை எழிலில் பழகியபின், அதே கணக்கைப் பைதனில் எழுதச் சொல்லலாம். இறுதியில் இருந்த 'ஆனால்' முன்னே ஓடிப்போய் 'இஃப்' என்று நிற்பதை அது தானே கண்டு காட்டும்.