ஆளுநரின் பேனாவும் கைதியின் விலங்கும்

சிறைப்பட்டிருப்பவன் ஒரு மாநிலத்திலே. அவனைக் கொடு என்று கேட்டு நிற்பதோ வேறொரு மாநிலம். கொடுப்பதா, மறுப்பதா? நம் நாட்டில் நீதிமன்றத்தின் பிடியாணை மாநில எல்லை பார்ப்பதில்லை. அமெரிக்காவிலோ அது ஆளுநரின் மேசையிலே வந்து நிற்கும். அங்கே ஆளுநர் தில்லியிலிருந்து வந்திறங்குபவர் போன்றவர் அல்லர். மக்கள் வாக்களித்து அமர்த்தியவர்!

தப்பி வந்தவனைக் கேட்ட மாநிலத்திடம் ஒப்படைத்தாக வேண்டும் என்கிறது அவர்களது அரசியல் சட்டத்தின் 4ஆவது பிரிவு. மறுத்தால் என்ன செய்வது? அதை எழுதவில்லை. அந்த மௌனத்திலே பிறந்தது ஒரு வழக்கு.

கெண்டக்கி, அடிமை மாநிலம். ஒகையோ, அடிமைமுறை அற்ற மாநிலம். சார்லட் என்ற அடிமைப் பெண் தப்பிச் செல்லத் துணை நின்றார் வில்லிஸ் லாகோ எனும் கறுப்பினத்தவர். அவரைக் கேட்டது கெண்டக்கி. அடிமைக்கு உதவுவது எங்கள் மண்ணில் குற்றமன்று என மறுத்தார் ஒகையோ ஆளுநர் டென்னிசன். 1861 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சொன்னது: ஒப்படைப்பது கடமைதான், ஆனால் ஆளுநரைக் கட்டாயப்படுத்த மைய அரசுக்கு அதிகாரமில்லை. எழுதியவர் யார்? கறுப்பினத்தவர் குடிமக்களே அல்லர் என்று 1857இல் தீர்ப்பெழுதிய அதே தலைமை நீதிபதி டேனி! கருணை தந்த தீர்ப்பன்று. எனினும் லாகோ ஒப்படைக்கப்படவில்லை.

இன்னொன்று கேளுங்கள். 1931இல் அலபாமாவில் பொய்ப்பழி சுமத்தப்பட்ட ஒன்பது கறுப்பின இளைஞர்களுள் ஒருவர் ஹேவுட் பாட்டர்சன். 1948இல் சிறையிலிருந்து தப்பினார். 1950இல் டெட்ராய்ட்டில் பிடிபட்டார். அலபாமா கேட்டது; மிச்சிகன் ஆளுநர் வில்லியம்ஸ் மறுத்தார். அலபாமா அவருக்கு மன்னிப்பு வழங்கியது எப்போது தெரியுமா? 2013இல், அவர் மறைந்து 61 ஆண்டுகள் கழித்து!

1987இல் அந்தக் கதவு அடைக்கப்பட்டது. போர்ட்டோ ரிக்கோவில் கொலை வழக்குக்கு உள்ளான ஒருவரை ஒப்படைக்க மறுத்தது ஐயோவா. உச்சநீதிமன்றம் பழைய தீர்ப்பை நீக்கியது. இன்று ஆளுநரையும் நீதிமன்றம் கட்டாயப்படுத்தலாம். கைதிக்கு எஞ்சியது ஆட்கொணர்வு மனு. அதிலும் நான்கே கேள்விகள்: தாள்கள் முறையானவையா? குற்றச்சாட்டு உண்டா? ஆள் இவர்தானா? தப்பி வந்தவர்தானா? குற்றம் செய்தாரா என்ற ஐந்தாவது கேள்விக்கு அங்கே இடமில்லை!

ஏற்கெனவே தண்டனை அனுபவிப்பவருக்குப் பெரும்பாலான மாநிலங்களிடையே தனி ஒப்பந்தம் உண்டு. கைதியே வேண்டினால் 180 நாளுக்குள் விசாரணை. அரசு கேட்டு அழைத்துச் சென்றால், சேர்ந்த நாள்முதல் 120 நாளுக்குள். தக்க காரணமின்றித் தவறினால் வழக்கே தள்ளுபடி.

தோழர்களே! மறுக்கும் உரிமை லாகோவையும் காத்தது. கொலைப்பழி சுமந்தவருக்கும் நிழல் தந்தது. அடிமைகளை உடைமையாக்கியவர்களும் மாநில உரிமை என்றே முழங்கினர். மாநில உரிமை கேடயம். அதை நாம் கைவிடப் போவதில்லை. ஆனால், கேடயத்தின் பின்னே நிற்பவன் அடிமையா, ஆண்டானா? அதைக் கேட்டுவிட்டுக் கேடயத்தைத் தூக்குவோம்!