பள்ளிக்கதவைச் சாத்துவது யார்?

(திருப்புலிவனத்தில் ஆற்றிய உரை)



நம் அண்டை ஊராம் உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு நிற்கிறது. கி.பி. 921-இல் பொறித்தது, குடவோலைக்கு விதி வகுப்பது. உறுப்பினனாகக் கால் வேலி நிலம் வேண்டுமாம். அரைக்கால் வேலியே உடையவனாயினும், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றிருந்தால் போதுமாம்! நிலத்தில் பாதியைத் தள்ளுபடி செய்யும் வல்லமை கல்விக்கு அன்றே இருந்தது. ஆனால் எவர் கல்விக்கு? உழுதவன் கல்விக்கன்று, அவன் மகள் கல்விக்கு அறவே அன்று!

அந்தப் பூட்டை உடைக்கத்தான், 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டிலே சுயமரியாதை மாகாண மாநாடு கூடிற்று. பெண்ணுக்குச் சொத்தில் சமவுரிமை வேண்டுமென்றது. 16 வயதுக்குமுன் மணம் கூடாதென்றது. சட்டமும் அசைந்தது. அதே 1929-இல் பெண்ணின் மணவயது 14, 1978-இல் 18.

சட்டம் ஏறிற்று, சமுதாயம் ஏறிற்றா? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது: தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 6.3 பேர் கருவுற்றவர் அல்லது தாயானவர்.

பத்தாம் வகுப்பில் அமர்ந்திருந்தாள். வயிறு தெரிந்ததும் மறைந்தாள். மணம் பேசியவர் பெரியவர். காரணமான ஆடவன் கவலையின்றி உலவுகிறான். தண்டனை மட்டும் அவளுக்கு! இது நீதியா?

சட்டமா அவளைத் துரத்திற்று? இல்லை! 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியினின்று நீக்கலாகாதென்கிறது. பத்தும் பன்னிரண்டும் எழுதத் துணைத்தேர்வு உண்டு, தனித்தேர்வராகவும் எழுதலாம். அரசுப் பள்ளியில் படித்து மேற்கல்வி செல்லும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்க, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயர் தாங்கிய புதுமைப்பெண் திட்டம் 2022-இல் எழுந்தது.

கதவைச் சாத்துவது சட்டமன்று தோழரே, 'ஊர் என்ன சொல்லும்' என்ற நம் அச்சம்!

"அவள் வந்தால் மற்றப் பெண்கள் கெட்டுவிடுவரே" என்பர் சிலர். அப்படிச் சொல்லித்தான் ஆப்பிரிக்காவின் சியரா லியோன் 2015-இல் தடை விதித்தது. 2019-இல் மேற்காப்பிரிக்க நாடுகளின் நீதிமன்றம் அதனைக் கண்டித்தது. 2020-இல் தடை தகர்ந்தது. தான்சானியாவும் 2021-இல் திருந்திற்று. தடை போட்ட நாடுகளே திருந்தின; தடையே இல்லாத நாட்டில் நாம் தடைச்சுவராவதா?

இதனைப் படிக்கும் தோழரே, உமக்குப் பணி உண்டு. சிறுமிக்கு மணம் என்று கேட்டதும் 1098-க்குத் தெரிவிப்பீர். அதனையும் மீறிக் கொடுமை நிகழ்ந்துவிட்டால், வழக்கைச் சட்டம் பார்க்கட்டும். பெண்ணை நாம் பார்ப்போம். அவள் தாயிடம் பேசுவீர், தலைமையாசிரியரைக் காண்பீர். மருத்துவமனை சென்ற நாளில் தவறிய பாடத்தைத் தோழியர் கொண்டுவந்து தரட்டும். தேர்வறையில் அவள் எழுதும் மூன்று மணி நேரம், வாயில் மரநிழலில் பாட்டி குழந்தையைத் தாலாட்டட்டும்.

கற்றவன் பெயரைக் குடத்திலிட்டது அன்றைய உத்திரமேரூர். கற்க விரும்புகிறவளின் பெயரை வருகைப்பதிவேட்டில் மீண்டும் எழுத வைப்பது, இன்றைய நம் கடமை!