முகத்தில் தோன்றும் மங்கு
(சங்கத்தின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்து விவாகப் பதிவேட்டில் ‘நிறம்’ என்றொரு கட்டம் உளது. அக்கட்டத்தில் எழுதப்படும் ஒரு சொல்லுக்கு அஞ்சியே நம் பெண்மக்கள் கண்ட களிம்புகளையும் முகத்தில் பூசுகின்றனர். ஆதலின் முகத்தின் கருமையைக் குறித்துச் சில கூற முற்பட்டோம்.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் பொருள். அதனை ஆக்கும் அணுக்கள் கறுத்தார்க்கும் வெளுத்தார்க்கும் தொகையில் ஏறக்குறைய ஒன்றே. அவை ஆக்கும் மெலனினின் அளவும் வகையுமே வேறு. வெயிலின் கொடுமையினின்று உடலைக் காக்க இயற்கை அளித்த குடை அதுவே.

கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டின்மேலும் படரும் பழுப்பு நிறத்தை மங்கு என்கின்றோம். வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, குடும்ப வழி ஆகியன இதற்குக் காரணங்களாம். முகப்பருவும் புண்ணும் ஆறிய இடமும் கறுப்பதுண்டு. இவை தொற்றுவன அல்ல. இரத்தக் கேடும் அல்ல. கர்ப்பத்தில் தோன்றிய மங்கு, பிரசவத்தின் பின் பலர்க்குத் தானே மங்கிவிடும்.

எனினும் இரண்டைப் புறக்கணித்தல் ஆகாது. பின்கழுத்து தடித்துக் கறுப்பின், சர்க்கரை நோயின் முன்னறிவிப்பாதல் கூடும். வெளிறிய படையில் உணர்ச்சியின்றேல் அது தொழுநோயாகலாம். அந்நோய் மருந்தால் முற்றும் குணமாவது.

இனிக் களிம்புகளின் செய்தி. வெளுப்புக் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்துளது. 2023-ஆம் ஆண்டில் கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் அத்தகைய களிம்பு பூசியோர் சிலர் சிறுநீரக நோயுற்றனர். ஸ்டீராய்டு கலந்த களிம்போ, முதலில் முகத்தை வெளுப்பித்துப் பின்னர்த் தோலை மெலிவித்துச் சிவப்பும் பருவும் விளைக்கும். எலுமிச்சஞ் சாற்றைத் தேய்ப்பதும் தோலை எரித்து மேலும் கறுக்கச் செய்யும்.

குடையும் நிழலும் வெயில்தடுப்புக் களிம்புமே முதல் மருந்து. அடுத்தது தோல் மருத்துவரின் ஆலோசனை. மங்கு குறையப் பல மாதங்கள் செல்லும், பொறுமை வேண்டும்.

பெரியோர்களே! முகத்திற்கு மருந்து மருத்துவர் தருவர். பெண்ணின் அச்சத்திற்கு மருந்து தர வேண்டியவர் நாமே. வரும் ஆண்டுப் பதிவேட்டில் ‘நிறம்’ என்னும் அக்கட்டத்தை நீக்கிவிடுமாறு சங்கத்தாரை வணக்கத்துடன் வேண்டி அமைகின்றோம்.