ஜெனரேற்றரும் நாமும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசியவர்கள் சமயத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் அழகாகப் பேசினார்கள். நானோ ஸ்டோரில் எஞ்சின் பக்கத்தில் நிற்கிறவன். எனக்குத் தெரிந்தது ஒயிலும் கரியுந்தான். ஆகவே, கோயில் பின்கட்டில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறதே நமது ஜெனரேற்றர், அதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.

லக்ஷபான மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1950ஆம் ஆண்டில். காசல்ரீயும் மவுசாகலையும் நம் கண்ணெதிரே நிறைந்து கிடக்கின்றன. நம் மலையில் பெய்யும் மழை நாட்டுக்கெல்லாம் விளக்கேற்றிற்று. நம் லயன்களுக்கு அந்த விளக்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது. வந்த பின்பும் அதை நம்பி இருக்க முடிகிறதா? 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேரம் வரை மின்வெட்டு என்றார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தது, நாடே இருண்டது. (அனுமாருக்கு வடைமாலை தப்பிவிட்டதோ என்று ஒரு பாட்டி கேட்டார்.) அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மலை சரிந்தபோது மின் கம்பங்களும் கூடவே சரிந்தன. ஆகையால் இந்த யந்திரம் திருவிழா அலங்காரத்துக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன், திருவிழாவில் கரகம் பாலிக்கிற இரவு. நல்ல மழை. யந்திரம் நனைந்துவிடுமே என்று பயந்து, அதைச் சாமான் அறைக்குள் தூக்கி வைத்துக் கதவைச் சாத்தச் சொன்னவன் நான்தான். காவலுக்கு இரண்டு தம்பிமார் உள்ளேயே படுத்துக்கொண்டார்கள். நடுச்சாமத்தில் ஒருவன் தலை வெடிக்கிறது என்று தள்ளாடி வெளியே வந்து வாந்தி எடுத்தான். காத்துக் கறுப்பு என்றார்கள் சிலர். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள் சிலர். மற்றவனை எழுப்பப் போனால் எழும்பவில்லை. தூக்கி வந்து மழைக்காற்றில் கிடத்தி, லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினோம். பிழைத்துக்கொண்டான். இன்று இந்தக் கூட்டத்தில்தான் அமர்ந்திருக்கிறான். இன்னும் அரைமணி நேரம் சென்றிருந்தால் அவன் தாயார் முகத்தில் நான் எப்படி விழித்திருப்பேன்?

எஞ்சின் புகையிலே காபனோரொட்சைட்டு என்ற நஞ்சு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். தூங்குகிறவனுக்குத் தூக்கம் நீளும், அவ்வளவுதான். ஆகவே யந்திரத்தை வீட்டுக்குள்ளும் இஸ்தோப்பிலும் வைக்கவே கூடாது. 20 அடியாவது தள்ளி, புகைக் குழாய் ஆள் இல்லாத பக்கம் பார்க்க வேண்டும். நம் லயன்களில் ஒரு காம்பராவின் கூரைச் சந்து அடுத்த காம்பராவுக்கும் திறந்திருக்கிறது. ஒரு வீட்டுப் புகை பத்து வீட்டுக்குப் போகும். மழைக்கு என்ன செய்வது என்பீர்கள். நாலு கால் நட்டு, மேலே மட்டும் தகரம் போட்டு, நாலு பக்கமும் திறந்து விடுங்கள்.

இன்னொரு அபாயமும் உண்டு. இருபக்கமும் பிளக் வைத்த வயரைச் சுவரிலுள்ள சொக்கெற்றில் செருகி வீடு முழுவதும் வெளிச்சமாக்குகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அந்த 230 வோல்ற்று வெளிக்கம்பி வழியே திரும்பிப் போய், ட்ரான்ஸ்போமரில் ஆயிரக்கணக்கான வோல்ற்றாகும். புயலில் அறுந்த கம்பியைக் கட்ட ஏறியவன் செத்துப்போவான். மாற்றுச் சுவிட்ச் பூட்டுங்கள். இல்லையேல் விளக்குகளை நேரே யந்திரத்திலேயே மாட்டுங்கள்.

இனிப் பராமரிப்பு. ஸ்டார்ட் செய்யுமுன் ஒவ்வொரு முறையும் ஒயில் பாருங்கள். புது யந்திரமானால் முதல் 20 மணி நேர ஓட்டத்திலும், பிறகு 100 மணிக்கு ஒரு தரமும் ஒயில் மாற்றுவது பொது வழக்கம். காற்று வடியிலுள்ள பஞ்சை சவர்க்கார நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, ஒயிலில் தோய்த்துப் பிழிந்து போடவேண்டும். பெற்றோல் தட்டுப்பாட்டில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினவர்களைக் கண்டிருக்கிறேன். பெற்றோல் எஞ்சினுக்கு அது ஆகாது. சூடாக இருக்கையில் பெற்றோல் ஊற்றாதீர்கள்.

நம் மலைக்கென்று ஒரு விஷயம். உயரம் ஏற ஏறக் காற்று ஐதாகும். ஒவ்வொரு 300 மீற்றருக்கும் எஞ்சினின் பலத்தில் நூற்றுக்கு மூன்றரை குறையும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஐந்திலொரு பங்கு போய்விடும். ஹட்டனில் ஏழிலொரு பங்கு. கொழும்பில் 2 கிலோவாட் என்று விற்ற யந்திரம் நுவரெலியாவில் 1.6க்கு மேல் இழுக்காது. இது தெரியாமல் கடைக்காரரைத் திட்டுகிறோம். அத்துடன் காற்றுக் குறைந்து பெற்றோல் மிகுந்துபோவதால் பிளக்கில் கரி படியும். உயரத்துக்கேற்ற சிறிய ஜெற்றை மெக்கானிக்கிடம் கேட்டுப் போட்டால் தொல்லை தீரும்.

திருவிழா முடிந்ததும் அப்படியே போர்த்தி வைக்கிறோமே, அங்கேதான் நோய் தொடங்குகிறது. ஒரு மாதம் இரண்டு மாதம் கிடக்கும் பெற்றோல் கெட்டு, பிசினாகி, காபரேற்றரின் ஊசித் துவாரத்தை அடைத்துவிடும். ஆகவே தாங்கியை வெறுமையாக்கி, குழாயை மூடி, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள். காபரேற்றர் கிண்ணத்தின் அடி ஆணியைத் திறந்து மிச்சத்தையும் வடியுங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று தரம் இழுத்து, பிளக்கைப் பூட்டுங்கள். பிறகு மறுபடி இழுத்து, கை கனக்கிற இடத்தில் நிறுத்துங்கள். அப்போது வால்வு இரண்டும் மூடியிருக்கும். நம் பனியின் ஈரம் உள்ளே புகாது. ஈரச் சாக்கு வேண்டாம், தரையிலும் வேண்டாம். பலகை மேல் வையுங்கள். மாதம் ஒருமுறை கொஞ்சம் பெற்றோல் ஊற்றி, இரண்டு பல்பு மாட்டி ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது.

ஸ்டார்ட் ஆகவில்லையா? பத்துப் பேர் மாறி மாறிக் கயிற்றை இழுத்துக் கயிறு அறுவதே நம் வழக்கம். முதலில் யந்திரம் சமமாக நிற்கிறதா பாருங்கள். ஒயில் குறைந்தால் எஞ்சினை நிறுத்தும் காவல் கருவி பல யந்திரங்களில் உண்டு. சரிவில் வைத்தால் ஒயில் ஒருபக்கம் ஒதுங்கி, அந்தக் கருவி ஏமாந்துபோகும். நம் தோட்டத்தில் சமதரை ஏது? ஆகையால் கல் கொடுத்து நிமிர்த்துங்கள். அடுத்து பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பெற்றோல் மிகுந்துவிட்டது. துடைத்து, சற்றுப் பொறுத்து, சோக்கைத் திறந்து இழுங்கள். காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. குழாயையும் ஜெற்றையும் பாருங்கள். துவாரத்தை மெல்லிய செப்பு நூலால் குத்தலாம், இரும்பு ஊசி ஆகாது. கறுத்திருந்தால் கரியைச் சுரண்டிக் காற்று வடியைக் கழுவுங்கள்.

எஞ்சின் ஓடியும் விளக்கு எரியவில்லையானால், சுமை மிகுந்து சுவிட்ச் விழுந்திருக்கலாம். வெகுகாலம் ஓடாமல் கிடந்ததால் உள்ளிருக்கும் காந்தம் சோர்ந்தும் போயிருக்கலாம்; அதை எழுப்புவது மின்சாரம் படித்தவன் வேலை. நாம் கை வைக்க வேண்டாம்.

சொல்லிக் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது மேல். தேநீருக்குப் பிறகு யந்திரத்தை வெளியே எடுத்துக் கழற்றிக் காட்டப் போகிறேன். சென்ற ஆண்டுப் பெற்றோல் இன்னும் அதற்குள்ளேதான் இருக்கிறதென்று பொருளாளர் என் காதில் சொன்னார். வாலிபர்கள் நாலு பேர் வாருங்கள். பிளக் ஸ்பேனர் யார் வீட்டில் இருக்கிறதோ அவர் ஓடிப்போய் எடுத்து வரட்டும்.